வீட்டுக்கு ஆம்ப், பிரீ ஆம்ப் வாங்குவது எப்படி: ஒரு ரிப்பேர்காரன் சொல்வது

போன ஐப்பசி மழையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய ஜப்பான் ஆம்ப் ஒன்றைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். "லைட் எரியுது, உள்ளே ரிலே டிக்குனு கேக்குது, பாட்டு மட்டும் வரமாட்டேங்குது தம்பி. ரெண்டு கடையில காட்டிட்டேன், ஐசி போச்சுங்கிறாங்க" என்றார். நான் மூடியைக் கழற்றவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்று எழுதிய நான்கு சாக்கெட்டுகள் காலியாக இருந்தன. அங்கே யு மாதிரி வளைந்த இரண்டு கம்பிகள் செருகியிருக்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தூசி தட்டிய யாரோ உருவிப் போட்டிருக்கிறார்கள். மேஜையில் கிடந்த ஒரு ஆர்சிஏ ஒயரை எடுத்து மேலுக்கும் கீழுக்கும் செருகினேன். பாடிவிட்டது. காசு வாங்க மனம் வரவில்லை, காபி வாங்கித் தந்தார்.

ஆம்ப் வாங்க யோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் இப்போதெல்லாம் அந்த நான்கு சாக்கெட்டை வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். கடையில் 'இன்டக்ரேட்டட் ஆம்ப்' என்று விற்பது ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும் இரண்டு ஆள். முன்னால் இருப்பவர் பிரீ ஆம்ப். சிடியா, டிவியா, ரேடியோவா என்று தேர்ந்தெடுப்பது, வால்யூம், பாஸ், டிரெபிள் எல்லாம் அவர் வேலை. பின்னால் இருப்பவர் பவர் ஆம்ப். அவருக்கு ருசி பார்க்கத் தெரியாது. ஒரு வோல்ட் கொடுத்தால் அதை இருபது வோல்ட் ஆக்கி, ஸ்பீக்கர் பாக்ஸைத் தள்ளுவதற்கு வேண்டிய கரண்டையும் சேர்த்து அனுப்புவார். அந்த யு கம்பிதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வாசல். அதை எடுத்துவிட்டு ஒருவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்கள்.

சரி, எதை வாங்குவது? கேட்டு வருபவர்கள் எல்லாரும் முதலில் வாட் எவ்வளவு என்கிறார்கள். நான் பாக்ஸ் என்ன, ரூம் எவ்வளவு என்று கேட்கிறேன். பாக்ஸ் இன்னும் வாங்கவில்லை என்றால் ஆம்ப் பேச்சே எடுக்க வேண்டாம், போய் பாக்ஸைக் கேட்டு வாங்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

இது எனக்கு மைக்செட்டில் கிடைத்த அறிவு. அப்பா மைக்செட் வைத்திருந்தார். 60 வாட் ஆம்ப் ஒன்று, குழாய் ஸ்பீக்கர் இரண்டு. வேப்பமரத்தில் கட்டிவிட்டால் ஆடி மாதம் முழுக்க ஊரே தூங்காது. அதே 60 வாட்டை வீட்டு ஹாலில் ஒரு புக்‌ஷெல்ஃப் பாக்ஸுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார், அவ்வளவுதான். வாட் ஒன்றுதான், வித்தியாசம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் கேட்கிறது என்ற கணக்கு அது. குழாய் ஸ்பீக்கர் 105 டெசிபலுக்கு மேலே போகும். வீட்டு பாக்ஸ் பெரும்பாலும் 84-லிருந்து 90-க்குள். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வாட். குழாய்க்கு ஒரு வாட் கொடுத்தால் வருவதை இந்த பாக்ஸில் எடுக்க நூறு வாட் வேண்டும்.

டெசிபல் கணக்கில் இன்னும் ஒன்றைத் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'சத்தம் ரெண்டு மடங்கு ஆச்சு' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 60 வாட் ஆம்ப்புக்கும் 100 வாட் ஆம்ப்புக்கும் உள்ள இடைவெளி 2.2 டெசிபல். இதற்காகக் கூடக் கொடுக்கும் பணத்தில் 86 டெசிபல் பாக்ஸுக்குப் பதிலாக 89 டெசிபல் பாக்ஸ் கிடைத்தால் அதுவே ஆம்ப்பை இரட்டித்த மாதிரி. என்ஏடி 3020 என்று ஒரு ஆம்ப் 1978-ல் வந்தது. பெட்டியில் போட்டிருந்தது சேனலுக்கு 20 வாட். ஆனால் நொடிப்பொழுது வரும் அடிக்கு அதைவிட நிறையவே எடுத்துக் கொடுக்கும், கஷ்டமான பாக்ஸையும் தள்ளும். இன்றைக்கும் அதைத் தேடி வாங்கி ரிப்பேர் செய்து கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம், வீட்டிலேயே அளந்துவிடலாம். இருநூறு, முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இப்போது இருக்கும் ஏதாவது ஒரு ஆம்ப், அல்லது நண்பரிடம் இரவல் வாங்கியது, அதில் பாக்ஸை மாட்டி, நீங்கள் ஆசையாகக் கேட்கும் பாட்டை, இதற்கு மேல் வைக்கவே மாட்டேன் என்கிற சத்தத்தில் வையுங்கள். பாஸ், டிரெபிள், லவுட்னஸ் எல்லாம் ஆஃப். இனி வால்யூம் குமிழைத் தொடக் கூடாது. ஆம்ப்பை அணைத்து, பாக்ஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேர் இருந்தால் 200 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை 0.25 உயரத்தில் உருவாக்கிச் சேமித்து, பாட்டு வந்த அதே வழியாக, அதே பிளேயரில் ஓட விடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனை இரண்டிலும் தொடுங்கள். 0.25 என்பது முழு உயரத்தில் கால் பங்கு. அதனால் வந்த எண்ணை நாலால் பெருக்கினால் பாட்டின் உச்சத்தில் ஆம்ப் தர வேண்டிய வோல்ட் கிடைக்கும். அதை அதனாலேயே பெருக்கி, பாக்ஸின் முதுகில் எழுதியிருக்கும் ஓமால் வகுத்தால் வாட்.

என் வீட்டு ஹாலில் செய்தபோது மீட்டர் 2.6 காட்டியது. நாலால் பெருக்கினால் 10.4. அந்த 10.4-ஐ வர்க்கம் எடுத்து 8 ஓமால் வகுத்தால் பதின்மூன்றரை வாட். நான் அப்போது வைத்திருந்தது 100 வாட் ஆம்ப்! மனைவி கேட்டாள், "மிச்சம் எண்பத்தாறு வாட்டுக்கும் சேத்துத்தானே காசு கொடுத்தீங்க?" பதில் சொல்லவில்லை. உங்களுக்கு வரும் எண்ணை இரண்டு மடங்காக்கி வாங்குங்கள், கல்யாண வீடு மாதிரி ஆள் கூடும் நாளுக்கும் தாங்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை வால்வ் ஆம்ப்பில் செய்யாதீர்கள். பாக்ஸ் இல்லாமல் வால்வ் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர், ஐசி ஆம்ப் என்றால் பயமில்லை.

அப்புறம் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட். 'பிஎம்பிஓ' என்று பார்த்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம், அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. 'ஆர்எம்எஸ்', அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று இருக்க வேண்டும், எத்தனை ஓமில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்றும் இருக்க வேண்டும். 10 சதவீதத்தில் அளந்த 50 வாட்டும் 0.1 சதவீதத்தில் அளந்த 50 வாட்டும் ஒன்றல்ல. 10 சதவீதம் என்றால் பாட்டு ஏற்கெனவே கிழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆன்லைனில் உள்ளங்கை அகல கிளாஸ் டி (வேகமாக ஆன், ஆஃப் ஆகி வேலை செய்யும் வகை) ஆம்ப்கள் '100+100' என்று வருகின்றன, கூடவே ஒரு 12 வோல்ட் அடாப்டர். இதில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. 12 வோல்ட்டுக்குள் அதிகபட்சம் எட்டரை வோல்ட் ஆர்எம்எஸ்தான் பாக்ஸுக்குப் போக முடியும். 8 ஓமில் அது 9 வாட். நான்கு ஓம் பாக்ஸ் என்றால் 18. இயற்பியலுக்கு ஆன்லைன் தள்ளுபடி எல்லாம் தெரியாது. அதே போர்டுக்கு 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் 8 ஓமில் முப்பது வாட் வாக்கில் வரும். அதில் உட்கார்ந்திருக்கும் டிபிஏ 3116 ஐசியே 21 வோல்ட்டில் 4 ஓமுக்குத் தலா 50 வாட் என்றுதான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சொல்கிறது. மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. பெட்ரூமுக்கும் கம்ப்யூட்டர் மேஜைக்கும் நான் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன். பொய் ஸ்டிக்கரில்தான், ஐசியில் இல்லை.

கிளாஸ் ஏ, ஏபி, டி சண்டைக்குள் நான் நிறையப் போவதில்லை. கிளாஸ் ஏ பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஹாலில் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி சூடு. திருச்சி சித்திரை வெயிலில் அதை ரசிக்க ஏசி போட வேண்டும். நல்ல ஏபி போதும். நல்ல டி-யும் இப்போது போதும்.

ஓம் விஷயத்தில்தான் என் மேஜைக்கு அதிகப் பிணம் வருகிறது. மெஸ் நடத்தும் ஒருவர், சாப்பிடும் ஹாலில் நாலு மூலைக்கும் பாட்டு வேண்டும் என்று நான்கு 8 ஓம் பாக்ஸை ஒரே சேனலில் சேர்த்து முறுக்கியிருந்தார். நாலும் பேரலலில் சேர்ந்தால் 2 ஓம். ஆம்ப்பின் முதுகில் '4 முதல் 16 ஓம்' என்று அச்சடித்திருந்தது. மதியப் பந்தியில் பவர் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடியும் போய்விட்டது. ரசம் வாசனையோடு புகை வாசனையும் வந்ததாகச் சொன்னார். இரண்டிரண்டாக சீரிஸில் போட்டு, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேர்த்தால் திரும்ப 8 ஓம்தான். மெஸ்ஸுக்கு அது போதும். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் ஒரு சேனலுக்கு ஒரு பாக்ஸ் என்று இருங்கள். பாக்ஸ் 4 ஓம் என்றால் ஆம்ப்பின் முதுகில் 4 ஓம் என்ற எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும். ஏ, பி என்று இரண்டு ஜோடி பாக்ஸ் மாட்டும் வசதி இருந்தால், இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது எத்தனை ஓம் வேண்டும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள்.

பெரிய ஆம்ப் வைத்தால் பாக்ஸ் எரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். என்னிடம் வரும் ட்வீட்டர்களில் (டிரெபிள் பாடும் சின்ன ஸ்பீக்கர்) முக்கால்வாசி சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருப்பியதால் செத்தவை. ஆம்ப்புக்கு மூச்சு முட்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். அந்த வெட்டில் பிறக்கும் டிரெபிள் எல்லாம் ட்வீட்டர் தலையில்தான் விடியும்.

பிரீ ஆம்ப்புக்கு வருவோம். தனியாக பிரீ ஆம்ப் வாங்கினால் சவுண்ட் ஏறும் என்று நம்பித்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. ரேடியோ டியூனரும் டேப் டெக்கும் மில்லிவோல்ட் கணக்கில் கொடுத்தன. சிடி பிளேயர் வந்த பிறகு 2 வோல்ட் என்பது வழக்கமாகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர், போனில் இருக்கும் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் டேக் (DAC) பெட்டிகளும் பெரும்பாலும் அதே 2 வோல்ட். பவர் ஆம்ப் பெரும்பாலும் முழுச் சத்தத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வோல்ட்டுக்கு மேல் கேட்பதில்லை. ஆக, இன்றைய வீட்டில் பிரீ ஆம்ப் செய்யும் வேலை சத்தத்தைக் கூட்டுவதல்ல, குறைப்பது.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் நண்பர் ஒருவர் இருக்கிறார். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் பண்ணிய பிரீ ஆம்ப், அதற்குத் தனி பவர் ஆம்ப், நல்ல டேக். ராத்திரி மெதுவாகக் கேட்கலாம் என்று வைத்தால் பாட்டு முழுக்க இடது பக்கமே ஒதுங்கி நிற்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். வால்யூம் குமிழ் கால்வாசிக்குக்கூட வரவில்லை, அதற்குள் ஜன்னல் அதிர்கிறது. காரணம் எளிது. டேக் 2 வோல்ட் தருகிறது, பிரீ ஆம்ப் அதை நாலால் பெருக்குகிறது, பவர் ஆம்ப்புக்கு வேண்டியதோ ஒரே வோல்ட். மிச்சத்தை எல்லாம் வால்யூம் கன்ட்ரோல்தான் விழுங்க வேண்டும். சாதாரண வால்யூம் கன்ட்ரோல் ஆரம்பத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இடதும் வலதும் ஒத்துப்போகாது. நடுவில் வந்தால் சரியாகிவிடும், ஆனால் அவரால் நடுவுக்கு வரவே முடியவில்லை.

புது பிரீ ஆம்ப் வாங்கப் போனவரை நிறுத்தி, பவர் ஆம்ப் பக்கம் இருக்கும் பின்னில் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் வைத்தேன். சிக்னல் வரும் வழியில் 6.8 கிலோ ஓம், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம். சிக்னல் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். இப்போது குமிழ் பாதி வரை வருகிறது, பாட்டும் நடுவில் நிற்கிறது. ஆன செலவு நாலு ரெசிஸ்டர், அப்புறம் அவர் வீட்டு மெதுவடை.

அதனால் தனி பிரீ ஆம்ப் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் எண் கெயின், அதாவது சிக்னலை எவ்வளவு ஏற்றுகிறது என்பது. டேக், சிடி மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் 6 டெசிபல் தாராளம், பூஜ்ஜியமே போதும். இரண்டாவது இம்பீடன்ஸ், சிக்னலுக்கு எதிர்ப்பு எத்தனை ஓம் என்ற எண். பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பீடன்ஸ், பிரீ ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போலக் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஐசி வைத்த பிரீ ஆம்ப்பில் இந்தப் பிரச்சினை வராது, அவுட்புட் சில நூறு ஓம்தான். சில வால்வ் பிரீ ஆம்ப்கள் சில ஆயிரம் ஓம் வைத்திருக்கும். அவற்றை 10 கிலோ ஓம் இன்புட் உள்ள கிளாஸ் டி பவர் ஆம்ப்பில் மாட்டினால் பாஸ் இளைத்துப் போய்விடும். வாங்கியவர் ஆம்ப்பைத் திட்டுவார், பாவம். உள்ளே இருக்கும் ஐசி என்இ 5532 என்றால் சந்தோஷப்படுங்கள். பழையது, மலிவு, ஆனால் உங்கள் பாக்ஸ் செய்யும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் அதனுடையது ஒன்றுமே இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு ஆயிரக்கணக்கில் விலை வைத்த ஐசியைச் செருகி 'திரை விலகியது' என்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

டேக் ஒன்று, அதிலேயே வால்யூம் இருக்கிறது என்றால் பிரீ ஆம்ப்பே வேண்டாம். நேராக பவர் ஆம்ப்புக்குக் கொடுக்கலாம். ஆனால் முதல் தடவை ஆன் செய்யும்போது வால்யூம் கீழே இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

பிரீ ஆம்ப் நிஜமாகவே கூட்ட வேண்டிய ஒரு இடம் மிச்சமிருக்கிறது, ரெக்கார்ட் பிளேயர். கல்லூரித் தம்பி ஒருவர் புதிதாக டர்ன்டேபிள் வாங்கி ஆக்ஸில் செருகிவிட்டு "அண்ணே, கொசு பாடுற மாதிரி இருக்கு" என்று வந்தார். ஊசி மாட்டிய கார்ட்ரிட்ஜில் எம்எம் (காந்தம் அசைவது), எம்சி (காயில் அசைவது) என்று இரண்டு வகை. எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் சுமார். அதை நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் ஏற்ற வேண்டும். எம்சி கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தராது, அதற்கு 60 டெசிபல், ஆயிரம் மடங்கு. ஏற்றினால் மட்டும் போதாது. ரெக்கார்ட் வெட்டும்போதே பாஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954-லிருந்து ஆர்ஐஏஏ கணக்கு என்று அதற்குப் பெயர். போனோ பிரீ ஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கொசுதான். அந்தத் தம்பியின் டர்ன்டேபிளுக்குப் பின்னாலேயே 'போனோ / லைன்' என்று சுவிட்ச் இருந்தது, உள்ளேயே பிரீ ஆம்ப் வைத்திருக்கிறார்கள். லைனில் தள்ளினேன், முடிந்தது. இப்படி சுவிட்ச் இருப்பதைத் தெரியாமல் லைனில் வைத்து ஆம்ப்பின் போனோ சாக்கெட்டிலும் செருகுவார்கள். அப்போது இரண்டு தடவை ஏறி, பாட்டு இடி மாதிரி உருமும். ஏதாவது ஓர் இடத்தில்தான் ஏற்ற வேண்டும்.

ஹம், அதாவது பாட்டுக்கு அடியில் 'ம்ம்' என்ற இரைச்சல், வந்தால் உடனே ஆம்ப்பைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் ஆம்ப் நல்லவர், கேபிள்காரர் ஒயர் வழியாக வரும் கிரவுண்டும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக எடுத்தால் சண்டை தீரும். சிலர் மூன்று பின்னில் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். ஹம் போகும், ஒரு நாள் ஆளும் போவார். செய்யாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'உர்ர்' என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்ட் ஒயரை ஆம்ப்பின் திருகாணியில் மாட்ட மறந்தாலும் ஹம்தான்.

பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். பாக்ஸ் மாட்டாமல் ஆன் செய்து, வால்யூம் பூஜ்ஜியத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 50-க்குள் என்றால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் பேரம் பேசுங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள், பாக்ஸைத் தின்றுவிடும். டிசி சரியாக இருந்தால் பாக்ஸை மாட்டி ட்வீட்டர் பக்கம் காதை வையுங்கள், மெல்லிய 'ஸ்ஸ்' இருக்கலாம், ஹம் கூடாது. வால்யூமைச் சுற்றும்போது கரகரத்தால் பயம் வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து தடவை சுற்றினால் பெரும்பாலும் போய்விடும். வருடக்கணக்கில் பரணில் கிடந்த செட்டை நேராக பிளக்கில் செருகாதீர்கள். பக்கத்து ரிப்பேர் கடையில் சீரிஸ் பல்ப் இருக்கும், அதன் வழியாகத்தான் முதல் தடவை கரண்ட் போக வேண்டும். உள்ளே ஷார்ட் என்றால் பல்ப் எரியும், ஆம்ப் எரியாது.

பிறகு இடம். ஷோகேஸ் கண்ணாடிக் கதவுக்குள் ஆம்ப்பை அடைத்து, மேலே துணி விரித்து, துணி மேல் கொலு பொம்மை வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் கபாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். மேலே நாலு விரல் இடமாவது விடுங்கள். துளை இருந்தால் பல்லி வருமே என்கிறார்கள், வரும்தான். ராத்திரி ஆம்ப் சூட்டுக்கு உள்ளே போய் ஹீட் சிங்க் பக்கத்தில் படுத்து, பவர் சப்ளையில் இரண்டு முனையையும் தொட்டு வாலோடு கருகிய பல்லியை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை எடுத்துப் போடுகிறேன். கொசுவலைத் துண்டை வெட்டி, துளை இருக்கும் பக்கத்தில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள். காற்று போகும், பல்லி போகாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெயின்ட் பிரஷ்ஷால் அதில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட வேண்டும்.